கொடியேற்றத்தில் போட்ட வித்து

"காணி அவட, கை என்ட."

தலாக் முடிந்து, துணிமணிகளை இரண்டு உரப்பைகளில் அடைத்துக்கொண்டு வெளிக்கிட்டதற்கு மறுநாள், பள்ளிவாசலுக்கு முன்னால் இருக்கும் றஊபின் தேத்தண்ணிக் கடையில் ஜெமீல் சொன்ன சொல் இது. எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்ணின் பெயரில் இருக்கும். மாப்பிள்ளை வந்து புகுவார். ஒத்துவராவிட்டால் சுமக்கக் கூடியதைச் சுமந்துகொண்டு போவார். ஜெமீல் சுமந்துகொண்டு போகப் பார்த்ததோ கொஞ்சம் பாரமான சாமான். நாவிதன்வெளிப் பக்கத்தில், அவனுக்கு மனைவியாக இருந்த ஸாலிஹாவுக்குச் சீதனமாக வந்த மணல்மேட்டுக் காணி இருக்கிறதல்லவா, அதில் விளைந்த வத்தகப்பழத்தின், அதாவது தர்ப்பூசணியின், இனிப்பு.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அதற்கு 'ஜெமீலின் வத்தகை' என்று பேர். நோன்பு துறக்கும்போது அதில் ஒரு துண்டை வாயில் வைத்த பெரியவர் ஒருவர், தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் கண்ணை மூடியபடி அப்படியே இருந்தாராம்; மௌத்தாகிவிட்டார் என்று நினைத்து, உடலைத் தூக்கிப் போகும் சந்தூக்கை எடுக்கப் போனார்களாம். இதைவிடப் பெரிய கதையும் கேட்டிருக்கிறேன். அது பொய்யாக இருக்கும்.

அந்தப் பழத்துக்குப் பின்னால் நடந்த வேலையைச் சொன்னால் யாருக்குச் சுவைக்கும்? குழி வெட்டி எரு போட்டவள் ஸாலிஹா. வெயில் ஏறுவதற்கு முன்னால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தவள் அவள். காய் மண்ணில் பட்டு அழுகாமல் வைக்கோல் பரப்பியவளும், கடைசிக் கிழமையில் தண்ணீரை நிறுத்தி இனிப்பை இறுக்கியவளும் அவளேதான். ஜெமீலின் வேலை லொறிக்கு மேல் ஏறி நிற்பது. மோதிர விரலால் பழத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இது கதைக்குது காக்கா, கேளுங்க!" என்று வாங்க வந்த அண்ணன்மாரைப் பார்த்துச் சொல்வான். பழம் கதைத்ததோ இல்லையோ, அவன் கதைத்தான். பதினாலு வருடம் கதைத்தான்.

கடையில் சொன்ன சொல்லை ஸாலிஹாவின் தங்கை நஸ்லின் கொண்டுவந்து சேர்த்தாள். ஸாலிஹா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இன்னொருக்காச் சொல்லு."

நஸ்லின் சொன்னாள்.

"அப்பிடியே சொன்னவரா, இல்லாட்டி நீ உப்புப் புளி போட்டியா?"

"அல்லாவுக்குப் பொதுவா அப்பிடியேதான் ராத்தா. அவர் விட்டுட்டுப் போனா அந்த மண்ணில நீத்துப்பூசணிதான் காய்க்குமாம். கடையே சிரிச்சிருக்கு."

ஸாலிஹா அரிசிக் கழுநீரை வாசலில் வீசி ஊற்றினாள். "சரி. அதே கடையில, அதே வாயால, மாத்திச் சொல்ல வெக்கிறன். சொல்லாட்டி நான் என்ட உம்மாட வயித்தில பிறக்கல்ல."

தலாக்குக்காக அவள் அழுததாக யாரும் பார்க்கவில்லை. இந்தச் சொல்லுக்காகத்தான் மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்தாள். நாலாம் நாள் எழும்பி, ஜெமீல் விட்டுப் போன பச்சைச் சட்டை ஒன்றைத் தேடி எடுத்தாள். வைக்கோல் திணித்து, காணி நடுவில் வெருளியாக நட்டாள். காகம் பயந்ததோ என்னவோ, விடிய எழும்பி அதைப் பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது.

பக்கத்துக் காணிக்காரர் கனகரெத்தினம் வேலியோரம் வந்து நின்று பார்த்தார். "தங்கச்சி, வெருளி ஆளை விடத் திறம். சொன்ன இடத்தில நிக்கிது."

இனி ஜெமீல் வித்துப் போடும் முறையைச் சொல்ல வேண்டும். அவனுடைய வாப்பா சொல்லிக் கொடுத்த முறை: 'கடற்கரைப் பள்ளியில் கொடி ஏறினால் வித்துப் போடு, நோன்புக்குப் பழம் வரும்.' கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றம் நடந்து மூன்று மாதத்தில் நோன்பு. வத்தகைக்கும் வித்திலிருந்து பழம் வரைக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். கணக்குத் தப்பவே தப்பாது. நோன்புக்குப் பழம் வந்தே தீரும். எப்படிப்பட்ட பழம் வரும் என்பதைப் பற்றி வாப்பா ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

கொடியேற்றம் பிறைக் கணக்கு. வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துவிடும். மாரி மழை அப்படியல்ல. அது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று தன் இடத்தில் குந்திக்கொண்டிருக்கும். ஜெமீல் கலியாணம் முடித்த காலத்தில் கொடியேற்றம் கோடையில் வந்தது. பிறகு பங்குனி, மாசி, தை என்று இறங்கியது. அவன் உரப்பையோடு போன வருடம் மார்கழிக்குள் காலை வைத்துவிட்டது. பழம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறத் தொடங்கியதை ஸாலிஹாவின் கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. புருசனின் வாப்பா சொன்ன முறை அல்லவா, அதற்குள் யார் கையை விடுவார்கள்?

கோபம் வந்த பிறகுதான் கையை விட்டாள். தனியாகச் செய்த முதல் வருடம் காணியை மூன்றாகப் பிரித்தாள். ஒரே வித்து, ஒரே எரு. முதல் பங்குக்குக் கொடியேற்றத்தன்று வித்துப் போட்டாள். இரண்டாவதற்கு, கனகரெத்தினம் வீட்டில் பொங்கல் பொங்கிய கிழமை. மூன்றாவதற்குப் பங்குனி பிறந்த பிறகு.

மார்கழியில் போட்டதில் பாதி வித்து ஈரத்தில் அழுகியது. முளைத்தது வாடைக் காற்றில் கூனிக்கொண்டு கிடந்தது. பூத்த நேரம் மழைத் தூறல். தேனீ எட்டிப் பார்க்கவில்லை. அவள் கையால் தொட்டு வைத்த மகரந்தமும் கூழாகிப் போனது. இலையெல்லாம் கறுப்புப் புள்ளி. தப்பிய நாலைந்து பழத்தை வெட்டினால், குளிரில் நின்ற ஆளின் உதடு மாதிரி ஒரு வெளிறிய நிறம். சுவை வெள்ளரிக்காய்.

பங்குனியில் போட்டது மறுபக்கமாகக் கெட்டது. வெயிலுக்கு ஆண் பூவாகவே பூத்துத் தள்ளியது. கச்சான் காற்று வந்து இலையைச் சுருட்டியது. பழம் இனித்தது, ஆனால் தேங்காய் அளவு. அதிலும் மேல்பக்கம் வெயில் சுட்ட தழும்பு.

நடுவில் பொங்கலுக்குப் போட்டதைப் பற்றி என்ன சொல்ல! மண்ணில் மாரி விட்ட ஈரம் இருந்தது, மேலே மழை இல்லை. முளைத்த செடி ஓடிய ஓட்டத்தில் வேலி தாண்டிக் கனகரெத்தினத்தின் மாட்டுக் கொட்டிலுக்குள் புகுந்தது. மாசி மாத வெளிச்சத்தில் பூ விரிய, கலியாண வீட்டுக்கு வந்த சனம் மாதிரித் தேனீ. பழத்தைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கத்தி நுனி பட்டதுமே அது தானாக வெடித்துப் பிளந்தது. வழிந்த நீரில் ஒரு குடும்பமே தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ எடுத்திருக்கலாம்.

ஸாலிஹா பிளந்த பழத்தைப் பார்த்தாள்; விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"என்ன தங்கச்சி, தனியச் சிரிக்கிறீங்க?"

"கொடியேத்தம் அடுத்த வருசம் எப்ப வரும் அண்ணன்?"

"இன்னும் முன்னுக்குத்தானே வரும். நல்ல அடைமழைக்குள்ள."

"அதுக்கு அடுத்த வருசம்?"

"அதை விட முன்னுக்கு. ஏன்?"

"ஒண்டுமில்ல. சும்மா கேட்டன்."

வஞ்சம் தீர்க்க ஆள் பிடிப்பார்கள், வழக்கென்று கச்சேரி ஏறுவார்கள். அவள் செய்ய வேண்டியிருந்தது வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான். பிறையும் மழையும் சேர்ந்து ஜெமீலைக் கையைப் பிடித்து வெள்ளத்துக்குள் கூட்டிக்கொண்டு போகும். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பொங்கலுக்கு வித்துப் போட்டால் நோன்பு முடிந்த பிறகுதான் பழம் வரும். நோன்பு காலத்தில் பழம் இல்லாத வத்தகைக்காரியை ஊர் என்ன சொல்லும்? ஜெமீல் சொன்னதைத்தான் சொல்லும். அதையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

அதற்குள் ஜெமீல் மாவடிப்பள்ளியில் றுஸ்தா என்ற பெண்ணைக் கலியாணம் முடித்தான். அவளுக்கும் வயலை ஒட்டி ஒரு மேட்டுத் துண்டு சீதனமாக இருந்தது. அடுத்த கொடியேற்றத்தன்று மழை கொட்டக் கொட்ட அதில் வித்துப் போட்டுவிட்டு, ஜெமீல் நேராக றஊபின் கடைக்கு வந்தான். இந்த முறை நோன்பு முப்பதுக்கும் பள்ளிக்கு இப்தார் பழம் தன்னுடையது என்று பத்துப் பேருக்கு முன்னால் வாக்குக் கொடுத்தான்.

ஸாலிஹாவின் காணி வெறும் மணலாகக் கிடந்தது. வெருளி மட்டும் நின்றது.

"பாத்தியளா?" என்றது ஊர். "கை போயிற்று."

நஸ்லினால் தாங்க முடியவில்லை. "ராத்தா, இப்பவாவது நாலு வித்தைப் போடுங்களன். ரோட்டில தலை காட்ட ஏலாமக் கிடக்கு."

"தலையை உள்ளுக்க வெச்சிரு. பெருநாளுக்குப் பிறகு வெளிய எடு."

தை பிறந்தது. கனகரெத்தினம் வீட்டுப் பொங்கல் சோற்றைச் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய் அவள் வித்துப் போட்டாள்.

நோன்பு பிடித்தது. முதல் நாள் இப்தாருக்கு ஜெமீலின் பழங்கள் பள்ளி முற்றத்தில் வந்து இறங்கின. வெளித்தோற்றம் மோசமில்லை. ஜெமீல் வழக்கம்போல் ஒன்றை மோதிர விரலால் தட்டினான். கத்தி இறங்கியது. உள்ளே நடுவில் ஒரு பொந்து, சுற்றி வெள்ளைச் சதை. இன்னொன்றை வெட்டினார்கள். அதுவும் அப்படியே. பாங்கு சொல்லிவிட்டார்கள், நோன்போடு இருந்த சனம் பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தபடி இருந்தது.

தேத்தண்ணிக் கடை றஊப்தான் வாயைத் திறந்தான். "ஜெமீல் காக்கா, இது வத்தகையா, நீத்துப்பூசணியா? கறிக்கு எண்டா வீட்டுக்குக் கொண்டு போறன்."

சிரிப்புப் பள்ளி மதில் தாண்டிப் போனது.

முப்பது நாளுக்குக் கொடுத்த வாக்கு மூன்றாம் நாளே முடிந்தது. ஜெமீல் மழையைக் குற்றம் சொல்லவில்லை. வாப்பாவின் முறையைக் குற்றம் சொல்ல அவனால் எப்படி முடியும்? அவன் சொன்னது வேறு. "அவ சூனியம் செஞ்சு வெச்சிரிக்கா. என்ட சட்டைய எடுத்து வெருளிக்குப் போட்டவ சும்மாவா போட்டிருப்பா?"

தூரத்தில் இருந்து, மந்திரிக்கத் தெரிந்த ஒரு பரிசாரியைக் கூட்டி வந்தான். காணிக்குள் மந்திரத் தகடு புதைத்திருக்கிறார்கள், தோண்டு என்றார் பரிசாரி. தோண்டினான். வடக்கு மூலையில் துருப்பிடித்த சைக்கிள் பெடல் ஒன்று கிடைத்தது. அதற்கு ஓதி, ஊதி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தார்கள். அடுத்த நாள் வெட்டிய பழமும் வெள்ளைதான்.

பெருநாள் முடிந்தது. எங்கள் பெண்கள் ஆறு நோன்பு பிடிக்கும் காலம் வந்தது. ஆண்கள் பெருநாள் சோற்றோடு நோன்பை மறந்துவிடுவார்கள். பெண்கள் தொடர்ந்து இன்னும் ஆறு நாள் பிடிப்பார்கள். அந்தக் கிழமைதான் ஸாலிஹாவின் காணியில் காம்படிச் சுருள் காய்ந்து, பழம் பழுத்ததைச் சொன்னது. அவள் அறுத்தாள். 'கை போயிற்று' என்று சொன்ன வீடுகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பழம் அனுப்பினாள், ஒரு சொல்லும் சொல்லி அனுப்பவில்லை. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் தெரு முழுக்க ஒரே நேரத்தில் கத்தி இறங்கிய சத்தம் கேட்டதாம். சிவப்பு என்றால் அப்படியொரு சிவப்பு. வித்து மை போட்ட கண் மாதிரிக் கறுப்பு. ஆறு நோன்பு பிடிக்காத ஆண்கள் எல்லாம் அடுத்த நாளிலிருந்து பிடிக்கத் தொடங்கினார்கள் என்றால் நீங்கள் நம்ப வேண்டும்.

ஜெமீல் போய்ச் சாப்பிடக் கூடிய வீடுகளில் ஒன்றுக்குக்கூடப் பழம் போகவில்லை. அவனுடைய உம்மா வீட்டை மட்டும் தாண்டி, அந்தப் பக்கத்து வீட்டுக்கும் இந்தப் பக்கத்து வீட்டுக்கும் போனது. கிழவி நடுவில் இருந்து வாசத்தைக் குடித்தாள்.

ஒரு கிழமையில் ஜெமீல் ஸாலிஹாவின் காணி வேலிக்கு வந்து நின்றான். தனியாக வரப் பயம். கனகரெத்தினத்தையும் கூட்டி வந்திருந்தான். ஸாலிஹா புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஸாலிஹா..."

"அண்ணன், வந்த ஆளுக்கு என்ன வேணுமாம்?" என்றாள் அவள், கனகரெத்தினத்தைப் பார்த்து. அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு முள்ளுக் கம்பிதான் இருந்தது.

கனகரெத்தினம் தொண்டையைச் செருமினார். "தம்பி, என்ன வேணுமாம்?"

"செஞ்சத எடுக்கச் சொல்லுங்க அண்ணன். றுஸ்தாட காணி நாசமாப் போகுது."

"தங்கச்சி, செஞ்சத எடுக்கட்டாம்."

"நான் ஒண்டும் செய்யல்ல எண்டு சொன்னா நம்புவாரா?"

"நம்ப மாட்டன்!" என்று ஜெமீல் நேரடியாகவே கத்தினான்.

"அப்ப நான் என்னத்தச் சொல்ல? அண்ணன், அவருக்கிட்டச் சொல்லுங்க. றஊப்ட கடையில ஒரு சொல்லு விட்டுட்டு வந்தவர். அதைப் போய்ப் பொறுக்கி எடுக்கட்டும். பின்னேரம் அசறுக்குப் பிறகு, சனம் நிறைஞ்சிரிக்கிற நேரம் பாத்து. கை யார்ட எண்டு சொல்லணும்."

"சொன்னா?" என்றான் ஜெமீல்.

"அதுக்குப் பிறகு அவர்ட காணிக்கு என்னால ஒரு கெடுதியும் வராது. அல்லாட மேல சத்தியம்."

சத்தியம் முழுக்க உண்மை. அதற்கு முன்னாலும் அவளால் ஒரு கெடுதியும் வந்ததில்லை.

ஜெமீல் போனான், சொன்னான். தேத்தண்ணிக் கோப்பைகள் எல்லாம் அந்தரத்தில் நிற்க, தரையைப் பார்த்தபடி சொன்னான். "அந்தப் பழமெல்லாம் ஸாலிஹாட கைதான். பூத் தொட்டது, தண்ணி நிப்பாட்டினது, பழுத்ததப் பாத்து வெட்டினது, எல்லாம் அவ. நான் வித்தது மட்டுந்தான்." றஊப் காது கேளாதவன் மாதிரி, "என்ன காக்கா? சத்தமாச் சொல்லுங்க, அடுப்பு இரையுது" என்று இன்னொரு முறை சொல்ல வைத்தான். அந்த வசனம் நஸ்லினின் கையில் கிடைத்து, அன்று இரவே சாய்ந்தமருது வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

ஸாலிஹா அன்று வயிறு நிறையச் சோறு தின்றாள். ஆனால் வஞ்சம் வத்தகைச் செடியைப் போன்றது அல்ல. ஒரு பழத்தோடு ஓயாது. ஜெமீல் போகும்போது வேலியில் நின்று கடைசியாக ஒன்று கேட்டிருந்தான்: "அப்ப அடுத்த கொடியேத்தத்துக்குப் பயமில்லாம வித்துப் போடலாமா?" அதற்கு அவள் சொன்னது, "உங்கட வாப்பாட முறை. அதுக்க நான் கதைக்க ஏலுமா?" அடுத்த கொடியேற்றம் கார்த்திகையில் வரும். அதை நினைக்க நினைக்க அவளுக்கு நித்திரை இனித்தது.

அந்த இனிப்பைக் கெடுக்க ஒரு நாள் றுஸ்தா வந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, படலைக்கு உள்ளே வராமல் நின்றாள்.

"ராத்தா, நீங்க செய்யல்ல எண்டு எனக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"உங்கட காணியும் போன கொடியேத்தத்துக்கு வெறுமையாத்தானே கிடந்திச்சி. செய்யத் தெரிஞ்ச ஆள் தன்ட காணிய ஏன் வெறுமையாப் போட? எங்களுக்கு விளங்காத எதையோ பாத்துத்தான் பொறுத்திருந்திருக்கீங்க." அவள் குரல் தழைந்தது. "அவரோட உங்களுக்கு என்னவும் இரிக்கட்டும். அழுகினது என்ட உம்மா தந்த மண்ணு ராத்தா."

ஸாலிஹா படலையைத் திறந்தாள். இவ்வளவு நாளும் அவள் கணக்கில் அந்தக் காணி ஜெமீலுடையது. அது இன்னொரு உம்மா இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்த மண் என்பது, எங்கள் ஊரில் பிறந்தவளுக்கு எப்படித் தெரியாமல் போனது? வஞ்சம் கண்ணை மறைக்கும்போது முதலில் மறைப்பது வேலியைத்தான்.

"உள்ளுக்க வா புள்ள," என்றாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மழையையும் பூவையும் தேனீயையும் பொங்கலையும் ஒன்று விடாமல் சொன்னாள். றுஸ்தா கோப்பையை வாயில் வைக்க மறந்து கேட்டாள்.

"இவ்வளவுதானா ராத்தா?"

"இவ்வளவுதான். ஆனா ஒரு கண்டிசன். காணியில பாதியை உன்ட கையால செய். பழம் உன்ட பேர்ல போகணும். அவருக்கு ஒரு சொல்லும் சொல்லப்படாது. அவர்ட பாதியில அவர் வாப்பாட முறையைச் செய்யட்டும்."

றுஸ்தாவின் உதட்டோரம் மெல்ல அசைந்தது. "ரெண்டும் ஒரே காணியிலயா?"

"வரம்பு ஒண்டு போட்டாக் காணும்."

அந்த வருடம் கார்த்திகையில், கொடியேற்றத்தன்று, ஜெமீல் குடை பிடித்துக்கொண்டு தன் பாதியில் வித்துப் போட்டான். அடுத்த கிழமை வந்த வெள்ளம் வித்தையும் மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. திரும்பப் போட்டான், முளைத்தது, அழுகியது. வரம்புக்கு அங்கால், தை மாதத்தில் றுஸ்தா போட்டது ஆறு நோன்புக்குச் சிவந்தது. லொறிக்கு மேல் ஏறி நிற்க இன்னும் ஜெமீல்தான் வேண்டும்; அவனைப் போல் தட்ட யாராலும் முடியாது. ஆனால் தட்டும்போது, "யார்ட பழம் காக்கா?" என்று சனம் கேட்டது. கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்து நின்றது.

"றுஸ்தாட," என்றான் ஜெமீல்.

அவளும் ஏதோ ஓதக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அவனுக்கு உள்ளே ஒரு பயம். வீட்டில் குரலை உயர்த்துவதில்லை, போட்டதைத் தின்கிறான், தின்ற தட்டைக் கழுவியும் வைக்கிறான் என்று நஸ்லின் வந்து சொன்னாள். நஸ்லின் சொன்னதில் பாதியைக் கழித்தாலும் மீதி போதும்.

ஒரு பின்னேரம் றுஸ்தா தன் காணியில் முதலில் அறுத்த பழத்தில் ஒன்றைச் சுமந்துகொண்டு ஸாலிஹாவிடம் வந்தாள். இருவரும் வெட்டி வைத்துக்கொண்டு பாங்குக்காக இருந்தார்கள்.

"ராத்தா, பாவமாக் கிடக்கு. மனிசன் மழைக்குள்ள நிண்டு நனையிறாரு. ஒருக்காச் சொன்னா என்ன?"

"பொறு. இன்னும் பத்துப் பன்னிரெண்டு வருசத்தில கொடியேத்தமும் அறுப்பும் ரெண்டும் மாரியத் தாண்டி அங்கால போயிரும். அப்ப அவருக்குத் தன்னால விளையும்."

"அவ்வளவு காலமா!"

"பாவந்தான். எனக்கும் தெரியும்." ஸாலிஹா சிவந்த துண்டுகளைச் சகன் தட்டில் அடுக்கினாள். "என்ட கணக்கு றஊப்ட கடையில முடிஞ்சி போச்சி. இனி நீதான் சொல்லணும். சொல்லுறதெண்டாச் சொல்லு, நான் மறிக்க மாட்டன்."

பாங்கு சொன்னது. றுஸ்தா ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். நீர் முழங்கை வரைக்கும் ஓடியது, துடைக்கவில்லை. வித்துகளைக் கையில் துப்பி, ஒவ்வொன்றாகச் சகன் ஓரத்தில் வைத்தாள்.

"இந்த வருசம் வேணாம்," என்றாள்.